அவளுடைய கடைக்கு வழி சொல்லும்போது

ஒரு தையல்காரியின் திறமை இன்னொரு தையல்காரியின் கண்ணுக்குத் தப்பாது. கோணேசர் கோயிலுக்கு மலையேறும் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண் நடந்தால் போதும். பிளவுஸின் முதுகுக் கழுத்து எப்படி வளைந்திருக்கிறது, தோள் தையல் எங்கே இறங்குகிறது, அக்குளில் சுருக்கம் விழுகிறதா என்பதைப் பார்த்தே அது யார் கைவேலை என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். திருகோணமலை பெரிய நகரமில்லை. தைப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். யார் கடையில் கூட்டம், யார் கடையில் மெஷின் சும்மா நிற்கிறது என்பதும் தெரியும். அடுத்தவரின் உயர்வு எங்களுக்குக் காதில் விழும் செய்தியாக வருவதில்லை. கண்ணெதிரே உடுத்துக்கொண்டு நடந்து போகிறது.

அதைப் பார்த்து உண்மையாகவே மகிழ முடியுமா என்று தொழில் பழக வரும் பெண்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் நான் சலிப்பில்லாமல் இருப்பதற்கு அதுதான் பெரிய காரணம். ஆனால் தூரத்தில் நின்று, 'அவள் நன்றாக இருக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வதால் அந்த மகிழ்ச்சி வந்துவிடாது. கிட்டப் போக வேண்டும். அவள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று கேட்டறிய வேண்டும். முடிந்தால் அவளுடைய வேலையில் நம் கையும் கொஞ்சம் பட வேண்டும்.

என்னிடம் தையல் பழகிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வந்தவள், அப்படியே தொழிலில் ஊன்றிவிட்டாள். கொக்கி வைப்பதில் தொடங்கி, லைனிங் பொருத்தி, பிறகு துணி வெட்டும் அளவுக்கு வந்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ எனக்குத் தெரியாத ஒன்றைத் தேடிப் போனாள். தமிழ்நாட்டுப் பெண்கள் போடும் வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, இரவில் தானாகவே ஆரி வேலை பழகினாள்.

ஆரி வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். நுனி கொக்கியாக வளைந்த ஊசியை மேலே இருந்து குத்தி, கீழே மற்றக் கை பிடித்திருக்கும் நூலைக் கொழுவி, சங்கிலித் தையலாக மேலே இழுத்தெடுப்பார்கள். மணியும் கல்லும் ஜர்தோசிச் சரிகையும் அதன்மேல் பதியும். மணப்பெண்ணின் பிளவுஸில் இரண்டு கைகளுக்கும் முதுகுக்கும் நிறைந்த வேலை என்றால் நாட்கணக்கில் குனிந்திருக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். கலியாண மண்டபத்தில் விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதைப் பார்ப்பவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது.

பிறகு அவள் சொந்தமாகக் கடை போட்டாள், என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில். அதற்கு முன் என்னிடம் வந்து, "அக்கா, என் கைக்கு எட்டிய வாடகையில் இந்தத் தெருவில்தான் இடம் கிடைக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் போட மாட்டேன்" என்றாள். "தாராளமாகப் போடு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனாலும் அடுத்த தை மாதம், வழக்கமாக என்னிடம் வரும் கலியாண வீட்டார் என் வாசலைக் கடந்து அவளுடைய கடைப் படியேறியபோது நெஞ்சில் சுருக்கென்றது.

அப்படிச் சுருக்கென்பது மனித இயல்பு. ஏப்ரகாம் டெஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதை ஆராய்ந்து விளக்கியிருப்பதை என் மகள் வாசித்துச் சொன்னாள். நமக்கு நெருக்கமான ஒருவர் உயரும்போது, அவர் உயர்ந்த துறை எது என்பதைப் பொறுத்து நம் மனம் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் சாய்கிறதாம். நம்மை நாமே எடைபோட்டுக்கொள்ளாத துறை என்றால் அவருடைய பெருமையில் நாமும் பங்கெடுத்து மகிழ்கிறோம். நம்முடைய துறையாகவே இருந்தால் வலிக்கிறது. உறவு நெருங்க நெருங்க மகிழ்ச்சியும் கூடும், வலியும் கூடும். யோசித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கொழும்பில் யாரோ ஒரு தையல்காரி பெயரெடுத்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. தம்பி மகன் கிரிக்கெட்டில் கிண்ணம் வாங்கினால் தெரு முழுக்கச் சொல்லித் திரிவேன். என் தெருவில், என் கையால் பழகியவள், என் தொழிலில் முன்னுக்கு வரும்போதுதான் சுருக்கென்கிறது.

இதை அறிந்தபின் எனக்கு ஒரு வழி தெரிந்தது. அவளுடனான நெருக்கத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆகவே தொழிலைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். அவளுடைய கை ஓடுவது ஆரியில். என்னுடைய கை ஓடுவது வெட்டில். ஒரு பக்கத் தோள் இறங்கியவர்கள், முதுகு கூனியவர்கள், மார்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், பால் கொடுக்கும் தாய்மார் என்று எத்தனையோ பேருக்கு வழக்கமான வெட்டு பொருந்தாது. உடம்பில் உறுத்தாமல், குறை வெளியே தெரியாமல் அவர்களுக்கு வெட்டிக் கொடுப்பதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. ஒசரி என்னும் கண்டியச் சேலை உடுத்தும் சிங்களப் பெண்களின் சட்டைக்கு வேறு வெட்டு. அதுவும் எனக்குக் கைவந்தது. என்னுடைய இடம் எது என்று எனக்கே தெளிவாகத் தெரிந்த பிறகு, அவளுடைய இடத்தை நிமிர்ந்து பார்க்கக் கண் கூசவில்லை.

தொழிலில் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். 'அவளும் தையல், நானும் தையல்' என்று மொத்தமாக ஒப்பிடாதீர்கள். உங்கள் கை எதில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். என்னுடைய அளவுக் கொப்பியில், திருத்தம் கேட்டுத் திரும்பி வந்த உடுப்புகளையும் காரணத்தோடு குறித்து வைக்கிறேன். போன வருடம் எதற்காகத் திரும்பி வந்தது, இந்த வருடம் அதே குறை வந்ததா என்று பார்ப்பேன். நான் முன்னேறியிருக்கிறேனா என்பதற்கு அந்தப் பக்கங்கள் போதும். பக்கத்துக் கடையின் கூட்டத்தை எண்ண வேண்டியதில்லை.

எங்கள் இரண்டு கடைகளுக்கும் இடையில் வேலை நடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆரி வேலையைத் துணி வெட்டுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். ஆகவே அளவுக் கோடுகளை நான் சோக்கினால் துணியில் வரைந்து அனுப்புவேன். அவள் அதைச் சட்டத்தில் கட்டி வேலை செய்து தருவாள். பிறகு நான் வெட்டித் தைப்பேன். என் கோடு அரை அங்குலம் தவறினால் அவள் இரவிரவாகப் பதித்த மணிகள் தையலுக்குள் போய்விடும். அவளுடைய வேலை நன்றாக அமைய வேண்டும் என்ற கவலை எனக்குச் சொந்தக் கவலையாக மாறியது இப்படித்தான்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவளிடம் இருந்தவை எல்லாம் மோட்டார் மெஷின்கள். என்னிடம் அம்மா காலத்துக் கால்மிதி மெஷின் ஒன்று இருந்தது. அவள் பெரிய ஓடர் ஒன்றை ஏற்று, முற்பணமும் வாங்கியிருந்தாள். துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாள். வாசலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் மெஷினை நகர்த்திப் போட்டு, முறை வைத்து மிதித்தோம். நூலும் லைனிங்கும் வாரத்துக்கு வாரம் விலையேறிக்கொண்டிருந்ததால், இரண்டு கடைகளுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டோம். ஓடர் முடிந்து அவளுக்குப் பணம் கிடைத்த நாளில் எனக்கு வந்த மகிழ்ச்சி, நான் வரவழைத்துக்கொண்டதல்ல. தானாகவே பொங்கியது. அந்த உடுப்புகளில் என் கால் மிதித்த தையலும் இருந்ததே!

இப்போது அவளுடைய கடைக்கு வழி கேட்டு என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர். வழியை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. "கழுத்து விளிம்பில் மணி பதிப்பதில் அவள் கெட்டிக்காரி. தோய்த்தாலும் மணி உதிராது. மாதிரிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்" என்று சொல்வேன். பொதுவாக 'நல்லாகத் தைப்பாள்' என்பதைவிட இப்படிக் குறிப்பாகப் பாராட்டினால், கேட்பவருக்கும் பயன், சொல்லும் நமக்கும் அந்த வேலையின் அருமை இன்னொரு முறை மனதில் பதிகிறது. பாராட்டை அவரவர் முகத்துக்கு முன்னால் சொல்வது போலவே, அவர் இல்லாத இடத்திலும் சொல்ல வேண்டும். அவர் இல்லாத இடத்தில் சொல்லும்போது நம் மனதுக்குள் ஏதோ நேராகிவிடுகிறது. நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். நல்ல செய்தியை மறைத்து வைக்கிறோம். காணி வாங்கினால் உறுதி எழுதி முடியும்வரை வாய் திறப்பதில்லை. கனடாவுக்கு விசா வந்தால், ஆள் விமானம் ஏறிய பிறகுதான் அயல் வீட்டுக்குத் தெரியவரும். மகளுக்குக் கலியாணம் பொருந்தினால் தாலிக்குப் பொன்னுருக்கும் நாள் நெருங்கும்வரை மூச்சு விடுவதில்லை. கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இடப்பெயர்வையும், 2004 டிசம்பரில் கடலையும் கண்ட ஊர் இது. கையில் கிடைத்தது நிலைக்கும் என்று நம்பப் பயப்படுபவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பயத்தில் ஒரு பங்கு, செய்தியைக் கேட்கும் நம்மால் வந்தது. மகன் வெளிநாடு போகிறான் என்று ஒரு தாய் சொன்னால், "ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேட்கிறோம். வீடு கட்டுகிறோம் என்றால், "அந்தப் பக்கம் மழைக்குத் தண்ணீர் நிற்குமே" என்கிறோம். மகளுக்குத் தூரத்தில் வேலை கிடைத்தது என்றால், "பெண் பிள்ளையைத் தனியாகவா விடப்போகிறீர்கள்?" என்கிறோம். அக்கறையில் கேட்பதுதான். கேட்கப்படுபவருக்கோ, கொண்டுவந்த மகிழ்ச்சியை வாசலிலேயே பறிகொடுத்த உணர்வு. அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டார்.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கியவரின் நல்ல செய்திக்கு மனிதர்கள் நான்கு விதமாகப் பதில் சொல்வதாக வகுத்தார்கள். ஆர்வத்தோடு மேலும் மேலும் கேட்பது, 'நல்லது' என்று அமைதியாக விட்டுவிடுவது, அதில் உள்ள சிக்கல்களை எடுத்துச் சொல்வது, காதில் விழாதவர்போல் வேறு பேச்சுக்குப் போவது. முதல் விதமாகப் பதில் கிடைத்த உறவுகளில்தான் நெருக்கமும் நிறைவும் கூடுதலாக இருந்தன. 'நல்லது' என்று மரியாதையாக முடித்துக்கொள்வதுகூடப் போதவில்லை என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

அதனால் கடையில் எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது நல்ல செய்தி கொண்டுவந்தால் கத்தரியைக் கீழே வைப்பேன். மெஷினில் இருந்தால் காலை எடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பேன். முதலில் கேட்பது, "எப்படி நடந்தது? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்பதுதான். அடுத்து, "இதில் எது உங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது?" என்று கேட்பேன். இந்த இரண்டாவது கேள்விக்குப் பலர் கண் கலங்கியே பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னுடைய கதையையோ என் பிள்ளைகளின் கதையையோ அந்த நேரத்தில் நடுவில் கொண்டுவருவதில்லை.

கேட்பதில் நமக்கும் கிடைப்பது உண்டு. கிண்ணியாவிலிருந்து வரும் ராத்தா (முஸ்லிம் அக்கா) ஒருவர் அபாயா தைப்பதில் பெயர் பெற்றவர். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் படகுக்குக் காத்திருந்து கடந்துதான் நகரத்துக்கு வருவார். பாலம் வந்தபின் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம் என்றானதும், துணி எடுக்க வரும் நாட்களில் என் கடையிலும் கொஞ்ச நேரம் இருப்பார். ஒரு ஜனவரியில், பாடசாலைச் சீருடைகளை ஏராளமாக ஏற்று, தவணை தொடங்குவதற்கு முன்பே முடித்துக் கொடுத்ததாகச் சொன்னார். அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது; துணி கைக்கு வந்தவுடன் எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் தையல் கடைக்கு ஓடி வருவார்கள். அந்த நெருக்கடி எங்களுக்குத்தான் தெரியும்.

"எப்படி ராத்தா முடித்தீர்கள்?" என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு உடுப்பாக எடுத்து முடிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டாராம். ஒரே அளவுள்ளவற்றையெல்லாம் அடுக்கி ஒரே தடவையில் வெட்டிவிடுவார். ஒரு பிள்ளை கொலர் மட்டும், இன்னொரு பிள்ளை கை மட்டும், மற்றவள் விளிம்பு மடிப்பது மட்டும். கடைசியில் அவர் எல்லாவற்றையும் பொருத்துவார். நூல் மாற்றும் நேரமும், யோசித்து நிற்கும் நேரமும் மிச்சம். அடுத்த ஜனவரியில் நான் அதே முறையைத்தான் பின்பற்றினேன். வீட்டுக்குப் போய்ப் பொருமிக்கொண்டிருந்தால் இந்த வித்தை எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

இதுவரை சொன்னவற்றில் ஒருவருடைய வெற்றி மற்றவரிடமிருந்து எதையும் பறித்ததில்லை. பறிக்கும் இடங்களும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. பல்கலைக்கழக அனுமதி அப்படிப்பட்டது. இலங்கையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் உயர்தரப் பரீட்சையில் பெறும் இசட் புள்ளியின் நாடு முழுவதற்குமான வரிசைப்படியும், 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீத இடங்கள் கல்வி வசதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. திருகோணமலை அந்த 16 மாவட்டங்களில் ஒன்று. எப்படிக் கணக்குப் போட்டாலும் மருத்துவத்துக்குக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். ஒரு பிள்ளை உள்ளே போகும்போது இன்னொரு பிள்ளை வெளியே நிற்கிறது.

என் மகள் வெளியே நின்றாள். அவளோடு ஒரே மேசையில் படித்த தோழி யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குத் தெரிவானாள். முடிவு வந்த அன்று மாலையே, "போய் வாழ்த்திவிட்டு வா" என்று மகளை நான் அனுப்பவில்லை. நானும் என் கணவரும் மட்டும் போய் வாழ்த்தினோம். மகள் அழுது தீரட்டும் என்று விட்டோம். தோற்ற பிள்ளையை வென்ற பிள்ளைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, 'பெருந்தன்மை' காட்ட வைப்பது பெரியவர்களின் பெருமைக்காகச் செய்யும் காரியம். பிள்ளையின் துக்கத்துக்கு அதற்குரிய நேரத்தைக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தைச் சுருக்கினால், மேலே சிரிப்பும் உள்ளே கசப்புமாகத் தங்கிவிடும்.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தோழியும் தாயும் வெள்ளைக் கோட் தைக்க என் கடைக்கு வந்தார்கள். தாய் வாசலிலேயே தயங்கினார். "அக்கா, உங்களிடம் கொண்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்" என்றார். "என்னிடம் வராமல் வேறு யாரிடம் போவீர்கள்?" என்று உள்ளே கூப்பிட்டேன். குரல் கேட்டு மகள் வந்தாள். என் கையிலிருந்த அளவு நாடாவை வாங்கி, தோழிக்குத் தானே அளவெடுத்தாள். "அம்மா, பக்கத்துப் பொக்கற்றைப் பெரிதாக வையுங்கள், ஸ்டெதஸ்கோப் போட வேண்டும்" என்றாள். பொத்தான்களையும் அவளே வைத்தாள். தோழிக்காக ஒரு வேலையைத் தன் கையால் செய்த பிறகுதான் என் பிள்ளையின் முகம் தெளிந்தது. வாழ்த்து அதற்குப் பின்னால் தானாக வந்தது. மகள் இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறாள். இருவரும் மூலிகைக்கும் மாத்திரைக்கும் இடையில் தொலைபேசியில் மணிக்கணக்காக வாதாடுகிறார்கள்.

மனம் வராத நேரத்திலும் கையால் ஏதாவது செய்யுங்கள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். சமைத்துக் கொடுக்கலாம், பஸ் ஏற்றிவிடலாம், படிவம் நிரப்ப உதவலாம். உணர்ச்சி முதலில் வரவேண்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எல்லா வெற்றிக்கும் மகிழ வேண்டிய கட்டாயமும் இல்லை. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதனால் விலையைக் குறைத்து வாடிக்கையாளர்களை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கூட்டத்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, வரவும் வேண்டாம். அதேபோல, கடை வாடகை கொடுக்க முடியாமல் தவிக்கும் ஒருத்தியிடம் போய் 'பொறாமைப்படாதே' என்று புத்தி சொல்வது கொடுமை. அவளுக்கு முதலில் ஓர் ஓடர் பிடித்துக் கொடுங்கள்.

என் மாணவி தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். என்னிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. அம்மாவின் மடியிலிருந்து பழகியதுதான். முறையான வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் பழகியவர்களும் மதிப்பீட்டுக்குத் தோற்றி அந்தச் சான்றிதழைப் பெறலாம் என்பதை அவள்தான் விசாரித்து வந்து சொன்னாள். என் வேலைகளைப் படம் எடுத்து ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கிண்ணியா ராத்தாவையும் சேர்த்துக்கொண்டோம். விண்ணப்பங்களை நானும் ராத்தாவும் ஒன்றாகவே நிரப்பினோம். மதிப்பீட்டாளர் முன்னால் நான் செய்து காட்ட வேண்டியவற்றை மாணவி ஒரு தாளில் எழுதித் தந்து, "அக்கா, உங்கள் வெட்டைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஆண்களின் சேர்ட்டுக்குக் கொலர் வைப்பதை மட்டும் கொஞ்சம் பழகுங்கள்" என்றாள். சேர்ட் தைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய துணியில் கொலர் வெட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். பின்னேரம் கடை பூட்டியதும் வந்து முனைகளைத் திருப்பிப் பார்த்து, எது சரி, எது பிசகு என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.